சிறிமாவோ பண்டாரநாயக்க கண்காட்சிப் பலகைகள்: திருகோணமலையில் வாடகைக்கு எடுக்குமுன் பார்க்க வேண்டியவை

திருகோணமலை நகரில் பனர், பெயர்ப்பலகை அடிக்கும் கடையொன்று சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசியல் வாழ்க்கையை 14 பலகைகளாக அச்சிட்டு வாடகைக்குக் கொடுக்கிறது. பாடசாலை வரலாற்று மன்றம், மாதர் சங்கம், வாசகர் வட்டம் என்று யாரும் எடுக்கலாம். "உலகின் முதல் பெண் பிரதமர்" என்ற ஒற்றை வரியோடு பொது அறிவுப் புத்தகங்கள் நிறுத்திக்கொள்ளும் ஒருவரைத் தமிழில் இவ்வளவு விரிவாகச் சுவரில் ஏற்றியிருப்பது பாராட்ட வேண்டிய வேலை. அதைவிடப் பெரிய விடயம், அவர் ஏறிய உயரத்தையும் அவரது ஆட்சியில் தமிழ் மக்கள் பட்டதையும் ஒரே வரிசையில் வைத்திருப்பது. ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்கவில்லை.

எடுக்கலாமா என்றால், எடுக்கலாம். ஆனால் நான்கு பலகைகளில் பிழை உண்டு, ஒன்றில் திருகோணமலையே விடுபட்டிருக்கிறது, இன்னொன்றில் படம் ஏமாற்றுகிறது. இவற்றைச் சரிசெய்யாமல் பிள்ளைகள் முன்னால் வைக்கக் கூடாது. எவை, எப்படித் திருத்துவது என்பதைக் கீழே எழுதியிருக்கிறோம்.

பெட்டிக்குள் என்ன வருகிறது

இரண்டு மரப்பெட்டிகள். அவற்றுக்குள் 2 அடி அகலம், 3 அடி உயரத்தில் 14 பலகைகள். 5 மில்லிமீற்றர் போம் போட்டில் ஸ்ரிக்கர் ஒட்டி, பளபளப்பில்லாத லமினேற் போட்டிருக்கிறார்கள். இது நல்ல தெரிவு. பளபளப்பான லமினேற் போட்டால் ஜன்னல் வெளிச்சம் முகத்தில் அடித்து பாதிப் பலகை தெரியாது. கூடவே 10 அடி நீளக் காலவரிசைப் பனர் ஒன்று, இரும்பு ஸ்ரான்ட் ஆறு, கேள்வித்தாளின் மூலப்பிரதி ஒன்று.

மூன்று நாளுக்கு 7,500 ரூபா, முற்பணம் 5,000 ரூபா. முற்பணத்தைப் பலகைகளைத் திருப்பிக் கொடுக்கும்போது மூலை மடங்கல், கீறல் பார்த்துவிட்டுத் தருகிறார்கள். நகருக்குள் கொண்டுவந்து இறக்கித் தருவார்கள். கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் பக்கம் என்றால் வாகனக் கூலி தனி. பெட்டிகளின் அளவைப் பார்த்தால் ஓட்டோவில் ஏறாது, சிறிய லொறிதான் வேண்டும். அதை முன்கூட்டியே கூலியோடு பேசிக்கொள்வது நல்லது.

ஸ்ரான்ட் கணக்கைக் கவனியுங்கள். ஒரு ஸ்ரான்டில் முன்னும் பின்னுமாக இரண்டு பலகைதான் கொளுவலாம். ஆறு ஸ்ரான்டுக்கு 12 பலகை. மிஞ்சும் இரண்டுக்கும் பனருக்கும் சுவர் தேவை. கடையில் இதை யாரும் சொல்வதில்லை. வைக்கும் நாள் காலையில்தான் தெரியவரும், அப்போது ஆணி தேடி ஓட வேண்டியிருக்கும்.

முன்பக்கம் 1, பின்பக்கம் 2 என்று கொளுவினால் பார்ப்பவர்கள் ஒவ்வொரு ஸ்ரான்டையும் சுற்றிச் சுற்றி வர வேண்டும். நாற்பது பிள்ளைகள் அப்படிச் சுற்றினால் நெரிசல்தான். முன்பக்கம் முழுக்க 1 முதல் 6 வரை வையுங்கள். பின்பக்கம் திரும்பி வரும் வழியாக இருக்கட்டும்: 6 இன் பின்னால் 7, 5 இன் பின்னால் 8, இப்படியே போய் 1 இன் பின்னால் 12. 13, 14 இரண்டும் வாசலருகே சுவரில். ஒரு பக்கத்தால் போய் மறுபக்கத்தால் திரும்பும்போது 1916 இல் தொடங்கி 2000 இல் வெளியே வந்துவிடலாம்.

25 அடி நீள வகுப்பறையில் ஸ்ரான்டுகளுக்கிடையே இரண்டரை அடி விட்டால் சரியாக அடங்கும். மண்டபம் என்றால் நான்கு அடி விடலாம், அப்போது 32 அடி வேண்டும். ஒரு பலகைக்கு இரண்டு நிமிடம் வைத்தால் முழுவதும் பார்க்க அரை மணித்தியாலம் ஆகும். ஒரு பாடவேளைக்குள் முடிக்கலாம், ஆனால் பத்துப் பத்துப் பேராக விட வேண்டும்.

பலகைகளில் உள்ளவை

பலகை 1 பிறப்பும் படிப்பும். 1916 ஏப்ரல் 17, இரத்தினபுரி, ரத்வத்த குடும்பம், கொழும்பில் புனித பிரிஜட் கன்னியர் மடப் பாடசாலை. எல்லாம் சரி. கன்னியாஸ்திரிகளிடம் படித்த பௌத்தப் பெண்தான் பின்னாளில் மிஷன் பாடசாலைகளை அரசின் கீழ் கொண்டுவந்தார் என்பதைப் பலகை 6 ஐ விளக்கும்போது ஆசிரியர் நினைவுபடுத்தலாம். பலகைகளே அந்த முடிச்சைப் போடவில்லை.

பலகை 2 பலரும் தாண்டிப் போகக்கூடியது. தாண்டவிடாதீர்கள். 1940 இல், பின்னாளில் பிரதமரான எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவை மணந்த அவர், அடுத்த ஆண்டு லங்கா மகிலா சமித்தியில் சேர்ந்தார். கிராமத்துப் பெண்களின் சுகாதாரம், பயிர்ச்செய்கை, கைத்தொழில் என்று வேலை செய்த அமைப்பு அது. 1930 இல் அதைத் தொடங்கியவர் மேரி இரட்ணம், தமிழரை மணந்து இலங்கைக்கு வந்த கனேடிய மருத்துவர். "அடுக்களையிலிருந்து நேரே பிரதமர் கதிரைக்கு வந்தார்" என்று பலர் எழுதுவார்கள். 1960 க்கு முன்னர் கிட்டத்தட்ட இருபது ஆண்டு கிராமம் கிராமமாகத் திரிந்த ஒருவரை அப்படிச் சொல்வது அநியாயம். இந்தப் பலகை அந்தக் கதையை உடைக்கிறது. தொகுதியில் மிக அக்கறையாக எழுதப்பட்டது இதுதான்.

பலகை 3 அவருக்கு முன் வந்த பெண்கள். முதலாவது பிழை இங்கே. நேசம் சரவணமுத்துவின் படத்துக்குக் கீழே "இலங்கைச் சட்டசபையின் முதல் பெண் உறுப்பினர்" என்று போட்டிருக்கிறார்கள். முதலாமவர் அவரல்ல. 1931 இல் டொனமூர் யாப்பின் கீழ் ஆணும் பெண்ணும் வாக்குரிமை பெற்ற அதே ஆண்டில், ருவன்வெல்லைத் தொகுதியிலிருந்து அடலின் மொலமூரே அரசாங்க சபைக்கு (அன்றைய சட்டசபை) தெரிவானார். நேசம் சரவணமுத்து 1932 இல் வட கொழும்பு இடைத்தேர்தலில் வென்று இரண்டாவது பெண்ணாகவும் முதல் தமிழ்ப் பெண்ணாகவும் உள்ளே போனார். 1936 இல் மீண்டும் வென்றார், 1941 இல் காலமானார். "முதல் தமிழ்ப் பெண் உறுப்பினர்" என்று திருத்தினால் போதும், பெருமை ஒரு துளியும் குறையாது.

அதே பலகையில் ஒரு விடயத்தைத் தொட்டுவிட்டு விட்டிருக்கிறார்கள். மொலமூரே, தந்தை இறந்ததால் காலியான ஆசனத்துக்குப் போனவர். நேசம், கணவர் இரட்ணசோதி சரவணமுத்து தேர்தல் மனுவில் இழந்த ஆசனத்தை வென்றவர். (அந்தக் கணவர்தான் 1937 இல் கொழும்பின் முதல் மேயரானார்.) சிறிமாவோ, கொல்லப்பட்ட கணவரின் கட்சியை ஏற்றவர். மூவருக்கும் கதவு திறந்தது குடும்பத்தால். உள்ளே போன பிறகு என்ன செய்தார்கள் என்பது வேறு. இதை உயர்தர மாணவர்களோடு பேச ஒரு பாடவேளை போதாது. 1947 இல் பாராளுமன்றத்தின் முதல் பெண் உறுப்பினரான புளோரன்ஸ் சேனாநாயக்கவையும் சேர்த்திருப்பது நல்லது.

பலகை 4 தான் கண்காட்சியின் நடுத்தூண். 1959 செப்டெம்பர் 25 இல் பிரதமர் பண்டாரநாயக்க சுடப்பட்டு மறுநாள் இறந்தது, 1960 மார்ச் தேர்தலில் எவருக்கும் பெரும்பான்மை கிடைக்காதது, டட்லி சேனாநாயக்கவின் அரசு ஒரு மாதமளவில் கவிழ்ந்தது, மே மாதத்தில் சிறிமாவோ கட்சித் தலைவரானது, ஜூலை 20 தேர்தலில் 151 ஆசனங்களில் சுதந்திரக் கட்சி 75 எடுத்தது, மறுநாள் 21 ஆம் திகதி அவர் பதவியேற்றது என்று எல்லாம் வரிசையாக இருக்கின்றன. பிறகு ஒரு வரி எல்லாவற்றையும் கெடுத்துவிடுகிறது: "அத்தனகலைத் தொகுதியில் வென்று பிரதமரானார்."

இது பெரிய பிழை. அந்தத் தேர்தலில் அவர் எந்தத் தொகுதியிலும் நிற்கவில்லை. நாடு முழுக்கப் பிரசாரம் செய்தார், கணவரின் ஒலிப்பதிவு செய்யப்பட்ட பேச்சுகளை மேடைகளில் ஒலிக்கவிட்டார், ஆனால் வேட்பாளர் அல்ல. பதவியேற்ற பிறகு செனற் சபைக்கு, அதாவது மேல் சபைக்கு, நியமிக்கப்பட்டார். அப்போது இலங்கையில் இரண்டு சபை இருந்தது. செனற் சபையில் 30 பேர்; பாதிப் பேரைப் பிரதிநிதிகள் சபை தெரிவு செய்தது, மீதிப் பேரை மகாதேசாதிபதி நியமித்தார். அந்தச் சபை 1971 இல் ஒழிக்கப்பட்டுவிட்டதால் இன்றைய பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லே புதிது. பிழை வந்த காரணமும் அதுவாகத்தான் இருக்கும்: பிரதமர் என்றால் ஒரு தொகுதியில் வென்றிருக்க வேண்டும் என்ற இன்றைய நினைப்பு.

செனற் சபையில் இருந்ததால், பிரதிநிதிகள் சபையில் பாதுகாப்பு, வெளிநாட்டு விவகாரக் கேள்விகளுக்கு அவர் சார்பில் பதில் சொன்னவர் நிதியமைச்சராகவும் பாராளுமன்றச் செயலாளராகவும் இருந்த பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க. முதல் ஆட்சியில் கணவரின் உறவினரான பீலிக்ஸுக்கு இருந்த செல்வாக்கைப் புரிந்துகொள்ள இது உதவும். அத்தனகலையில் சிறிமாவோ முதலில் வென்றது 1965 இல். அந்தத் தேர்தலில் கட்சி தோற்று, அவர் எதிர்க்கட்சித் தலைவரானார்.

பலகை 5: திருகோணமலை எங்கே?

1961 ஜனவரி 1 முதல் சிங்களம் மட்டும் சட்டம் நிர்வாகத்தில் முழுதாக நடைமுறைக்கு வந்ததையும், நீதிமன்ற மொழிச் சட்டத்தையும், தமிழரசுக் கட்சியின் சத்தியாக்கிரகத்தையும் இந்தப் பலகை சொல்கிறது. பெப்ரவரி 20 யாழ்ப்பாணக் கச்சேரி (மாவட்ட அரச நிர்வாக அலுவலகம்) வாசலில் தொடங்கியது, ஏப்ரல் 14 கட்சியே தொடங்கிய தமிழரசுத் தபால் சேவை, ஏப்ரல் 17 அவசரகால நிலை, தலைவர்கள் பனாகொடை இராணுவ முகாமில் தடுத்துவைக்கப்பட்டது. திகதிகள் சரி. ஆனால் படம், வரைபடம், எழுத்து எல்லாம் யாழ்ப்பாணத்தோடு நின்றுவிடுகின்றன.

திருகோணமலையில் தொங்கப்போகும் பலகையில் திருகோணமலைக் கச்சேரி இல்லாமல் இருப்பதை ஏற்க முடியாது. சத்தியாக்கிரகம் மட்டக்களப்புக்கும், மார்ச் மாதத் தொடக்கத்தில் திருகோணமலைக்கும் பரவியது. மன்னார், வவுனியாவிலும் நடந்தது. அப்போது திருகோணமலையின் உறுப்பினர் தமிழரசுக் கட்சியைச் சேர்ந்த என். ஆர். இராஜவரோதயம். 1960 ஜூலையில் அக்கட்சி 16 ஆசனம் பெற்றிருந்தது. இந்த மூன்று வரியை ஒரு துண்டில் அடித்து ஒட்டுங்கள். வரைபடத்தில் ஐந்து ஊர்களுக்கும் சிவப்புப் புள்ளி வையுங்கள். ஊரில் எழுபது, எண்பது வயது தாண்டியவர்கள் கண்காட்சிக்கு வந்தால் இந்தப் பலகைக்கு முன்னால்தான் நிற்பார்கள். அங்கே ஒரு கதிரையும், எழுதிக்கொள்ள ஒரு மாணவியும் இருக்கட்டும். அவர்கள் சொல்வது எந்தப் பலகையிலும் இல்லாதது.

பலகை 6 அரசுடைமைகள். உதவி பெறும் பாடசாலைகளை 1960, 1961 சட்டங்களால் அரசு பொறுப்பேற்றது, இலங்கை வங்கி அரசுடைமையானது, மக்கள் வங்கி தொடங்கியது, பெற்றோலியக் கூட்டுத்தாபனம் உருவானது, இழப்பீட்டுத் தகராறில் 1963 இல் அமெரிக்கா உதவியை நிறுத்தியது. எழுத்தில் பிழையில்லை. படத்தில்தான் சிக்கல். விளக்கம் எதுவும் இல்லாமல் திருகோணமலை அருகே சீனக்குடாவிலுள்ள எண்ணெய்த் தாங்கிகளின் படத்தைப் போட்டிருக்கிறார்கள். பார்க்கிற பிள்ளை, சிறிமாவோ வெளிநாட்டுக் கம்பனிகளிடமிருந்து பறித்தது இவற்றைத்தான் என்று நினைக்கும். அந்தத் தாங்கிகள் பிரித்தானியக் கடற்படைக்காகக் கட்டப்பட்டவை. 1961 நடவடிக்கை நாட்டில் எரிபொருள் விற்ற தனியார் கம்பனிகளைப் பற்றியது. படத்துக்குக் கீழே இரண்டு வரி சேருங்கள், அல்லது படத்தை மறைத்துவிடுங்கள்.

பாடசாலைப் பொறுப்பேற்பைத் திருகோணமலைப் பிள்ளைகளுக்கு விளக்க வேறெங்கும் போக வேண்டாம். ஸ்ரீ கோணேஸ்வரா இந்துக் கல்லூரியின் பெயருக்கு முன்னால் இன்றும் நிற்கும் "இ.கி.ச." என்ற மூன்று எழுத்தைக் காட்டினால் போதும். இராமகிருஷ்ண சங்கம் நடத்திய பாடசாலை எப்படி அரச பாடசாலை ஆனது என்ற கேள்வி தானாக வரும். கத்தோலிக்கர் கடுமையாக எதிர்த்த சட்டம் இது, ஏழைப் பிள்ளைகள் பலருக்குக் கதவு திறந்த சட்டமும் இதுதான். பலகை இரண்டு பக்கத்தையும் சொல்கிறது.

பலகை 7: கணக்கு தவறினால் சனம் காணாமற் போகும்

இந்தியப் பிரதமர் சாஸ்திரியோடு செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 1964 ஒக்டோபர் 30. பலகையின் தலைப்பிலேயே கொட்டை எழுத்தில் "975,000 பேர் இந்தியாவுக்கு அனுப்ப முடிவு" என்று இருக்கிறது. தவறு. 975,000 என்பது ஒப்பந்தம் பேசிய, இந்திய வம்சாவளித் தமிழரான நாடற்றவர்களின் மொத்தத் தொகை. அதில் 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, மீதி 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது என்பதுதான் உடன்பாடு. அந்த மீதியை 1974 இல் இந்திரா காந்தியோடு பேசி, ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிரித்தார்கள்.

தலைப்புப் பிழையைவிட ஆழமான குறை இன்னொன்று. இவர்களுக்குக் குடியுரிமை இல்லாமற் செய்த 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் பலகையில் எங்குமே இல்லை. அது இல்லாமல் வாசித்தால், இவ்வளவு பேர் ஏன் நாடற்றவர்களாக இருந்தார்கள் என்பது விளங்காது, தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் ஏதோ வந்துபோக வந்தவர்கள் போலத் தெரியும். அந்தச் சட்டம் டி. எஸ். சேனாநாயக்கவின் அரசு கொண்டுவந்தது. சிறிமாவோ உருவாக்கிய பிரச்சினை அல்ல. அவர் அதற்குத் தேடிய தீர்வு, அந்த மக்களைக் கேட்காமல் இரண்டு அரசுகள் தலைகளை எண்ணிப் பங்கிட்ட தீர்வு. இரண்டையும் ஒரே துண்டில் எழுத வேண்டும். ஒன்றை மட்டும் எழுதினால் யாரோ ஒருவருக்கு அநியாயம் செய்தவர்களாவோம்.

பலகை 8 (1964 டிசெம்பரில் ஒரே வாக்கால் அரசு தோற்றது, பிறகு எதிர்க்கட்சி வரிசை) சுருக்கம், சரியானது. பலகை 9 இல் 1970 வெற்றியும் 1971 ஏப்ரல் கிளர்ச்சியும். ஐக்கிய முன்னணி 151 இல் 116 ஆசனம் பெற்றதைக் கட்சி வாரியாக, 91, 19, 6 என்று பிரித்துக் காட்டியிருப்பது மாணவருக்கு உதவும்.

பலகை 10 குடியரசு யாப்பு, 1972 மே 22. சிறுபான்மையோருக்கு எதிரான சட்டங்களைத் தடுத்த, முந்தைய சோல்பரி யாப்பின் 29 ஆம் பிரிவு விடுபட்டது, பௌத்தத்துக்கு முதலிடம், அரச கரும மொழி யாப்பிலேயே ஏறியது, தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகம் ஆசனத்தைத் துறந்தது எல்லாம் தெளிவாக இருக்கின்றன. பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தலையும் இதே பலகையில் திணித்ததால் எழுத்து சிறுத்துவிட்டது. தமிழ் மொழிமூல மாணவர் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் கூடிய புள்ளி எடுக்க வேண்டியிருந்தது என்பதோடு நிறுத்தியிருக்கிறார்கள். பின்னர் மாவட்ட ஒதுக்கீடு சேர்ந்ததைச் சொல்லவில்லை. யாழ்ப்பாண மாவட்டத்துக்கு விழுந்த அடியும், பின்தங்கிய மாவட்டங்களுக்குக் கிடைத்த இடமும் ஒன்றல்ல. திருகோணமலைப் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள், ஆசிரியர் பதிலோடு வர வேண்டும்.

11 இல் காணிச் சீர்திருத்தமும் (தனியாருக்கு உச்சவரம்பு 50 ஏக்கர், வயலுக்கு 25) உணவுத் தட்டுப்பாடும். பாண் வரிசையைச் சொல்கிறவர்கள், இறக்குமதித் தடையால் வடக்கின் மிளகாய், வெங்காயச் செய்கையாளர் நிமிர்ந்ததையும் சொல்லியிருப்பது நேர்மை. 12 வெளிநாட்டுக் கொள்கை: 1962 டிசெம்பரில் இந்திய - சீனப் போர் தொடர்பாக ஆறு நாடுகளைக் கொழும்பில் கூட்டியது, 1974 இல் கச்சதீவு, 1976 ஓகஸ்டில் அணிசேரா உச்சிமாநாடு. சிறிமாவோ உலக மேடையில் எவ்வளவு கெட்டிக்காரர் என்பதற்கு இந்தப் பலகை போதுமான சான்று.

பலகை 13 தோல்வி. 1977 ஜூலை 21 தேர்தலில் 168 ஆசனங்களில் கட்சிக்கு மிஞ்சியது 8. தமிழர் விடுதலைக் கூட்டணி 18 எடுத்து எதிர்க்கட்சியானது. திருகோணமலையிலிருந்து இரா. சம்பந்தன் முதன்முதலாகப் பாராளுமன்றம் போனதும் அப்போதுதான். இந்தத் தோல்வி வந்தது சிறிமாவோ முதன்முதலில் பிரதமராகப் பதவியேற்ற அதே ஜூலை 21 இல், சரியாகப் பதினேழு ஆண்டு கழித்து. பலகைகளில் இரண்டு திகதியும் இருந்தும் யாரும் கவனிக்கவில்லை, காலவரிசைப் பனரில் இரண்டையும் ஒரே நிற நூலால் இணைத்துக் காட்டலாம். 1980 ஒக்டோபரில் குடியியல் உரிமை ஏழு ஆண்டுக்குப் பறிக்கப்பட்டதும் 1986 இல் திரும்பக் கிடைத்ததும் இதிலேயே வருகின்றன.

பலகை 14 இல் கடைசிப் பிழை: "பிரதமராக இருக்கும்போதே காலமானார்." இல்லை. 1988 ஜனாதிபதித் தேர்தலில் பிரேமதாசவிடம் தோற்று, 1994 நவம்பரில் மகள் சந்திரிகாவின் கீழ் மூன்றாம் முறை பிரதமரானவர், 2000 ஓகஸ்ட் 10 இல் பதவி விலகிவிட்டார். அதே ஆண்டு ஒக்டோபர் 10, பொதுத் தேர்தல் நாள். வாக்களித்துவிட்டுத் திரும்பும் வழியில், கடவத்தையில், மாரடைப்பால் இறந்தார். வயது 84.

திருத்தத் துண்டு ஒட்டும் முறை

ஒவ்வொரு பலகையின் அடியிலும் 6 அங்குலம் வெற்றிடம் விட்டிருக்கிறார்கள். ஏ5 தாள் படுக்கையாக அதில் சரியாக அடங்கும். எழுத்து 28 புள்ளிக்குக் குறையக் கூடாது, நான்கு அடி தள்ளி நின்று வாசிக்க வேண்டும். சாதாரணத் தாளில் அடித்துப் பசை தடவினால் ஈரத்தில் சுருங்கும், ஸ்ரிக்கர் தாளில் அடியுங்கள். கடைக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டு ஒட்டுவது முறை. லமினேற்றுக்கு மேல் ஒட்டினால் பிறகு சேதமில்லாமல் உரிக்கலாம். மூல வரியைக் கறுப்பால் அழிக்க வேண்டாம். பிழையும் திருத்தமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், அச்சில் வந்ததெல்லாம் சரியல்ல என்பதைப் பிள்ளைகள் கண்ணால் காண்பார்கள்.

பலகை 4 க்கு இந்த வாசகம் போதும்: "1960 ஜூலைத் தேர்தலில் இவர் எந்தத் தொகுதியிலும் போட்டியிடவில்லை. பதவியேற்ற பின் செனற் சபைக்கு நியமிக்கப்பட்டார். அத்தனகலையில் முதலில் வென்றது 1965."

வேறு திகதிகளைச் சரிபார்க்க விரும்புவோர் பாராளுமன்ற இணையத்தளத்தில் பழைய உறுப்பினர் விபரத்தையும், தமிழ் இதழ்களுக்கு நூலகம் இணைய நூலகத்தையும் பார்க்கலாம். தேடும்போது ஒரே எழுத்துக் கூட்டலோடு நிற்காதீர்கள். சிறிமாவோ, சிறீமாவோ, ஸ்ரீமாவோ, சிறிமா என்று நான்கு விதமாகவும், பண்டாரநாயக்க, பண்டாரநாயக்கா என்று இரண்டு விதமாகவும் போட்டுப் பார்க்க வேண்டும். இந்தத் தொகுதியிலேயே மூன்று பலகைகளில் மூன்று விதமாக எழுதியிருக்கிறார்கள். பாமினி எழுத்துருவில் அடித்ததை மாற்றும்போது "ஸ்ரீ" உடைந்து போன இடம் இரண்டு உண்டு.

காற்றும் உப்பும்

திருகோணமலையில் இது தனியாகச் சொல்ல வேண்டியது. மே முதல் ஓகஸ்ட் வரை கச்சான் காற்று அடிக்கும்போது அரைச்சுவர் வகுப்பறையில் இந்த ஸ்ரான்டுகள் நிற்காது. பலகை பாய்போல் காற்றைப் பிடிக்கும், ஸ்ரான்டின் கால் மெல்லியது. ஒவ்வொரு காலிலும் மணல் நிரப்பிய ஒன்றரை லீற்றர் போத்தல் ஒன்றைக் கட்டுங்கள். தண்ணீரைவிட மணல் கனம், சிந்தினாலும் பலகை நனையாது.

வெயில் ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் போம் போட் வில்லாக வளையும். வளைந்ததை முகம் கீழாகச் சமதரையில் வைத்து, மேலே புத்தகங்களைப் பரப்பி ஓர் இரவு விட்டால் பெரும்பாலும் நிமிரும். மாரி காலத்தில் ஸ்ரிக்கர் ஓரம் கிளம்பும். நகத்தால் உரித்துப் பார்க்காமல் துணியால் உள்ளிருந்து வெளியே அழுத்தித் தேயுங்கள். பனரின் ஐலெற் வளையங்கள் இரும்பு. கடற்காற்றில் துருப்பிடித்து, துரு பனரில் வழிந்திருக்கிறது. கடை அவற்றைப் பித்தளைக்கு மாற்ற வேண்டும்.

சுவரில் தொங்கும் 13, 14 ஐ இருபக்க ரேப்பால் ஒட்டாதீர்கள். சுண்ணாம்பு அடித்த சுவரில் ரேப் பிடிப்பது சுவரை அல்ல, சுண்ணாம்புத் தூளை. ஒரு மணித்தியாலத்தில் பலகை கீழே கிடக்கும், மூலை மடங்கும், முற்பணம் குறையும். ஜன்னல் கம்பியிலிருந்து நைலோன் நூலில் தொங்கவிடுவதுதான் பத்திரம்.

படங்களில் ஒன்று மோசம். பலகை 9 இன் பெரிய படம் இணையத்திலிருந்து எடுத்த, 640 புள்ளி அகலமுள்ள சிறு படம். அதை 18 அங்குலத்துக்கு இழுத்ததில் அங்குலத்துக்கு 35 புள்ளிதான் விழுகிறது, முகங்கள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன. இந்த அளவுக்கு அங்குலத்துக்கு 100 புள்ளியாவது வேண்டும். மற்றப் படங்கள் நன்றாக இருக்கின்றன.

கேள்வித்தாளில் 20 கேள்வி, பெரும்பாலானவை ஆண்டைக் கேட்பவை. அவற்றில் பாதியை எடுத்துவிட்டு, "தேர்தலில் நிற்காத ஒருவர் எப்படிப் பிரதமரானார்?", "975,000 இல் 525,000 உம் 300,000 உம் கழித்தால் மிச்சம் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன நடந்தது?" போன்றவற்றைச் சேர்த்தால் பிள்ளைகள் பலகையை உண்மையாகவே வாசிப்பார்கள்.

இடம் போதாமல் பாதித் தொகுதிதான் வைக்க முடியும் என்றால் 2, 4, 5, 7, 10, 12, 14 ஐ எடுங்கள். விழா வைப்பவர்கள் சிலர் 5, 7, 10 ஐ விட்டுவிட்டு மற்றதை மட்டும் கேட்பதுண்டு என்று கடையில் சொல்கிறார்கள். வேறு சிலர் அந்த மூன்றை மட்டும் கேட்பார்களாம். இரண்டு விதமாகவும் வைக்க வேண்டாம். தனிப் பலகையாக எடுத்தால் வாடகையும் குறைவதில்லை.

திருப்பிக் கொடுக்கும்போது பலகைகளை முகத்துக்கு முகம் வைத்து, இடையில் செய்தித்தாள் அல்லாத வெள்ளைத் தாள் போட்டு அடுக்குங்கள். செய்தித்தாளின் மை லமினேற்றில் ஒட்டும். மார்ச் மகளிர் தினக் கிழமைக்குத் தொகுதி வேண்டுமென்றால் ஜனவரியிலேயே சொல்லிவைக்க வேண்டும். கடையிடம் ஒரே ஒரு தொகுதிதான் இருக்கிறது.